ஈரத்தில் வரைந்த கால்கள்

உதிர்வதற்காக இதுவரை எந்த வண்ணத்தையும் கலந்ததில்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள். ஊறவைத்தது, காய்ச்சியது, வடிகட்டியது எல்லாமே ஒட்டுவதற்காகத்தான். இன்றைக்கு ஒட்டக் கூடாது. ஒட்டின மாதிரி இருக்க வேண்டும், ஈரப் பஞ்சு பட்டதும் கையோடு வந்துவிட வேண்டும். அதற்கு எவ்வளவு பசை, எவ்வளவு தண்ணீர் என்று யாரும் அவளுக்குச் சொல்லித் தந்ததில்லை. சொல்லித் தராமலே தெரிந்திருந்ததுதான் கஷ்டமாக இருந்தது.

தண்ணீர் கொதிக்கிற பெரிய பாத்திரத்துக்குள் சின்னப் பாத்திரம் வைத்து, அதில் வச்சிரப் பசை சூடாகிக்கொண்டிருந்தது. முந்தின நாள் ஊறப்போட்ட வில்லைகள் கரைந்து தேன் நிறத்துக்கு வந்துவிட்டன. தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கிற பசை அது. எவ்வளவு மூடிவைத்தாலும் அதன் வாடை வீடு முழுக்கப் போய் உட்கார்ந்துகொள்ளும்.

"ஞாயித்துக்கிழமைகூட நிம்மதியா ஒரு வாய் காபி குடிக்க விடமாட்டீங்களா?" என்று கூடத்திலிருந்து நாத்தனார் குரல் கொடுத்தாள். "செருப்புக் கடைல குடித்தனம் பண்ற மாதிரி இருக்கு."

"ஜன்னலைத் திறந்து விடுங்க அண்ணி."

"திறந்தா பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பாக்கறா. என்னமோ நான்தான் காச்சறேன்னு நெனச்சுப்பா."

பின்வாசலில் நின்று முகம் துடைத்துக்கொண்டிருந்த கணவர் எதற்கும் திரும்பவில்லை. ஊரில் எல்லோருக்கும் அவர் மாஸ்டர். அதனால் அவள் மாஸ்டரம்மா. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே வந்து பாத்திரத்தை எட்டிப் பார்த்தார்.

"பசை கம்மியா இருக்கட்டும். துணி பட்டதும் வரணும்."

"தெரியும்."

"அதுக்காகத் தூளா நிக்கவும் கூடாது. பாக்கறப்ப பளிச்னு இருக்கணும்."

"தெரியும்னு சொன்னேனே."

அவர் அவள் தோளை லேசாகத் தொட்டுவிட்டுப் போனார். அந்தத் தொடலில் கெஞ்சல் இருந்தது. அதட்டியிருந்தால் இதைவிட லேசாக இருந்திருக்கும்.

சமையலறையிலிருந்து குளியலறைக்குப் போக ஓர் ஆள் மட்டும் நடக்கக்கூடிய சந்து ஒன்று உண்டு. அதன் இடப்பக்கச் சுவரில்தான் கல்யாணமான புதிதில் அவள் கை பழகினாள். ஒரு சதுரம், பூசின ஈரம் காயாத சுண்ணாம்பின் மேல், வெறும் தண்ணீரில் குழைத்த காவி. பக்கத்துச் சதுரம், நன்றாகக் காய்ந்த சுவரில் வச்சிரப் பசை கலந்த அதே காவி. அடுத்தது முட்டைக் கரு கலந்தது. அதற்கடுத்தது, காய்ந்த சுவரை நனைத்துச் சுண்ணாம்புப் பால் அடித்து, அது உலர்வதற்குள் அவசரமாகப் போட்டது. குளித்து வருகிறவர்களின் ஈரத் தோளும் வெந்நீர் ஆவியும் வருஷக்கணக்கில் பட்டன. முதலில் பசை கலந்த சதுரம் பூஞ்சை பிடித்துக் கறுத்து, ஒரு மழைக்காலத்தில் மாவாகக் கொட்டியது. முட்டைக் கரு அதைவிடத் தாக்குப்பிடித்தது. பிறகு மீன் செதில் போலக் கிளம்பியது. சுண்ணாம்புப் பாலில் போட்டது இருக்கிறேன், இல்லை என்று இழுத்துக்கொண்டு கிடக்கிறது. ஈரத்தில் போட்டது மட்டும் அப்படியே. "சுவரா இது, படை வந்த முதுகு மாதிரி இருக்கு, வெள்ளையடிச்சுத் தொலைங்களேன்" என்று நாத்தனார் ஒவ்வொரு முறை குளிக்கப் போகும்போதும் சொல்வாள். திரும்பி வரும்போது தோளில் காவி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்வாள்.

ஈரச் சுண்ணாம்பில் வேலை செய்கிறவர்களுக்கு நேரம் கொஞ்சம்தான். காலையில் பூசினால், பூச்சு கொஞ்சம் இறுகி, விரல் வைத்தால் குளிர்ச்சி மட்டும் தெரிகிற பதத்தில் ஆரம்பிக்க வேண்டும். சுவர் வண்ணத்தைத் தானே இழுக்கும். மத்தியானம் தாண்டினால் இழுப்பது குறையும். பிறகு நிறுத்திக்கொள்ளும். அதற்குமேல் எதை வைத்தாலும் அது மேலே நிற்குமே தவிர உள்ளே போகாது. தப்பாகப் போட்டால் அழிக்க முடியாது, பூச்சையே கொத்தி எடுத்துவிட்டு மறுநாள் புதிதாகப் பூச வேண்டும். காயக்காய வண்ணத்தின்மேல் கண்ணாடி மாதிரி ஒரு தோல் படியும். உள்ளே இருப்பது உள்ளேயே இருந்துவிடும். மாட்டிக்கொண்டதனால்தான் அது நிலைக்கிறது. இதை நினைத்து அவள் பல வருஷங்கள் தன்னைத் தேற்றிக்கொண்டிருக்கிறாள். இந்தச் சந்தில், இந்தச் சமையலறையில், அவருடைய பெயருக்குப் பின்னால் ஒட்டின 'அம்மா'வாக. இப்போது பசையைக் கிளறும்போது அந்தத் தேறுதல் நினைவுக்கு வந்தது. பழைய சட்டையைப் போட்டுப் பார்த்த மாதிரி எங்கேயோ பிடித்தது.

மருத்துவமனையின் வெளிநோயாளிகள் கூடத்துச் சுவரை அவர்கள் இருவரும்தான் வரைந்தார்கள். மகன் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். இப்போது வேறு ஊரில் குடும்பத்தோடு இருக்கிறான். கூடத்தின் நீளத்துக்கு, ஆற்றைக் கடந்து போகிற ஜனங்கள். மூட்டை சுமப்பவர்கள், குழந்தையை இடுப்பில் வைத்திருப்பவர்கள், ஒருவர் தோளைப் பிடித்து இன்னொருவர். முழங்காலுக்கு மேல் அவர், கீழே அவள். "காலை யாரு பாக்கப்போறா? முகம்தான் படம்" என்று அன்றைக்கு அவர் சொன்னார். அவள் தினமும் அன்றைய கால்களுக்கு வேண்டிய அளவு மட்டும் சுண்ணாம்பு பூசி, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சுவர் மூடிக்கொள்வதற்குள் முடித்தாள். மாதிரிக்குத் தேடவே வேண்டியிருக்கவில்லை. எதிர் பெஞ்சுகள் முழுக்கக் கால்கள். வீங்கினவை, வெடித்தவை, ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் காத்திருந்தவை. முகத்தை எல்லோரும் தயார் பண்ணிக்கொண்டு வருகிறார்கள், காலை யாரும் தயார் பண்ணுவதில்லை என்று அப்போது அவளுக்குத் தோன்றியது.

மேலே அவரால் முடியவில்லை. ஒரு முகத்தை மத்தியானத்துக்குள் முடித்துவிடுகிற மனசு அவருக்கு இல்லை. ஒரு கிழவரின் கண்ணை ஒரு வாரம் மாற்றி மாற்றிப் போட்டார். மாற்ற மாற்ற அது உண்மையிலேயே அழகாகிக்கொண்டு வந்ததை அவள் கீழிருந்து அண்ணாந்து பார்த்திருக்கிறாள். அப்படி மாற்ற வேண்டுமானால் சுவர் காய்ந்திருக்க வேண்டும். மேல் பாதி முழுவதையும் பூசிக் காயவிட்டுவிட்டு, வச்சிரப் பசையில் வரைந்தார். கீழே தினமும் அவள் சுண்ணாம்பு குழைப்பதைப் பார்த்தவர்களிடம், "முழுக்க ஈர வேலை, நம்ம பேரப்பிள்ளைங்க காலத்துக்கும் நிக்கும்" என்றார். அவள் மறுக்கவில்லை. சொல்லப்போனால் அவள் நீலமும் அப்படித்தான். ஈரச் சுண்ணாம்பு அந்த நீலத்தைத் தின்றுவிடும் என்பதால் ஆற்றுத் தண்ணீரை மட்டும் காய்ந்த பிறகு பசையில் போட்டாள்.

முதலில் போனது அந்தத் தண்ணீர்தான். பிறகு ஒரு மழைக்குக் கூரை கொஞ்சம் ஒழுகியது. கூட்டத்தின் மூச்சும் புழுக்கமும் சேர்ந்துகொண்டன. கிழவரின் கண், குழந்தைகளின் கன்னம், மூட்டை பிடித்த விரல்கள் என்று ஒவ்வொன்றாகப் பொரிந்து, தூணோரத்தில் வண்ணப் பொடியாகக் கிடந்தன. கூட்டுகிறவர்கள் தினமும் கூட்டினார்கள். டோக்கன் கொடுக்கிற பெண்தான் அதை வாய்விட்டுச் சொன்னாள். "மாஸ்டரம்மா, மேல இருக்கிறவங்க எல்லாம் டாக்டரைப் பாத்துட்டு வீட்டுக்குப் போயிட்டாங்க. காலுங்க மட்டும் இன்னும் க்யூல நிக்குது. டோக்கன் குடுக்கட்டுமா?"

அவள் சிரித்தாள். வீட்டுக்கு வந்து சந்துச் சுவர் முன்னால் நின்றபோதும் அந்தச் சிரிப்பு இருந்தது. அது வெறும் சிரிப்பு இல்லை என்று தெரிந்ததும் வெட்கமாகிவிட்டது.

போன வாரம் நிர்வாகி அம்மா இருவரையும் கூப்பிட்டு அனுப்பினார். புதுக் கட்டடத்தில் இதைவிடப் பெரிய சுவர் ஒன்று இருக்கிறது, அதையும் மாஸ்டருக்கே கொடுக்கத்தான் எல்லோருக்கும் ஆசை என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சுவரைப் பார்த்தார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க மாஸ்டர். ஒரே சுவர்தானே? மேல இவ்வளவு போயிருக்கு, கீழ மட்டும் எப்படி நேத்து போட்ட மாதிரி இருக்கு?"

மாஸ்டர் ஒரு கணம்தான் தாமதித்தார். அந்தக் கணத்தில் அவர் தன் பக்கம் திரும்புவார் என்று அவள் எதிர்பார்த்தாள். அதற்குத் தயாராகக்கூட இருந்தாள்.

"கூரை ஈரம்மா. மொத்தச் சுவரையும் அரிச்சிடுச்சு. கீழயும் இப்படித்தான் போயிருந்துச்சு. இவங்க மனசு கேக்காம போன வருஷம் வந்து மேலாகப் பூசிவிட்டாங்க. அதான் பளபளன்னு தெரியுது."

நிர்வாகி அம்மா அவளைப் பார்த்தார். அவள் சுவரைப் பார்த்தாள். வாயைத் திறந்தால் எது வரும் என்று அவளுக்கே நிச்சயமில்லை. திறக்கவில்லை. திறக்காததையே பதிலாக எடுத்துக்கொண்டு அந்த அம்மா தலையசைத்தார். "அப்படியா. எதுக்கும் சுவர் பாக்கிறவர் ஒருத்தர் திங்கக்கிழமை வர்றார். ஈரப் பஞ்சால ஒத்திப் பாப்பாராம். உங்களையும் ஒரு வார்த்தை கேப்பார்."

அன்று இருவரும் வீடு திரும்பினார்கள். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது, குழாயைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"பஞ்சுல கீழ இருக்கிற வண்ணம் வரலை, மேல மட்டும் வருதுன்னா என்னைக் கேப்பாங்க. ரெண்டும் வந்துட்டா சுவரைக் கேப்பாங்க."

அவளுக்கு உடனே புரியவில்லை. புரிந்ததும் உட்கார்ந்துவிட்டாள். அந்தக் கால்களின்மேல், அதே நிறத்தில், அவளே பசை வண்ணம் பூச வேண்டும். பஞ்சு பட்டால் அது வரும். அவர் சொன்னது உண்மையாகிவிடும்.

"நீங்களே போடுங்களேன்."

அவர் ஈரக் கையை நீட்டிக் காட்டினார். விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. கொஞ்ச காலமாகவே நடுங்குகிறது. கோடு இழுக்கும்போது இன்னும் அதிகம். அது அவர்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த விஷயம். "உன் நிறம் எனக்கு வராதும்மா. எந்த மண்ணை நீ எதோட கலந்தேன்னு எனக்கு எங்க தெரியும்? அப்புறம் ஒரு நாள் துடைச்சிடலாம். அடில இருக்கிறது எங்க போயிடும்? அது ஈர வேலை. யாருக்கும் தெரியாட்டி என்ன, உனக்குத் தெரியும்ல. போதாதா?"

போதும் என்றுதான் இத்தனை வருஷமும் இருந்திருக்கிறாள். அதனால்தான் அவரால் அப்படிக் கேட்க முடிந்தது.

"புதுக் கட்டடத்துல முகமும் நீயே போடு" என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. "எனக்கு இனிமே முடியப்போறதில்லை. நான் பக்கத்துல நிக்கறேன். அவ்வளவுதான்."

அது அவளை அசைத்துவிட்டது. அன்றிரவும் அடுத்த நாளும் அடுப்பு முன்னால் நிற்கும்போதெல்லாம் முகங்கள் வந்தன. ஒரு காலைப்பொழுதுக்குள் முடிக்கக்கூடிய முகங்கள். நெற்றியிலிருந்து ஆரம்பித்து, சுவர் இழுக்க இழுக்க, திருத்தாமல். அவளால் முடியும். முடியும் என்று தெரிந்துகொண்டு, இந்த வயதில், வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? அந்த முகங்களின் கீழேயும் அவர் பெயர்தான் இருக்கும் என்பது அடுத்த நினைப்பாக வந்தது. அதுவும் பழகினதுதான். சுண்ணாம்பு தெறித்து அவள் கை வெந்துபோன நாட்களில், ஒவ்வொரு விரலாக எண்ணெய் தடவிவிட்டு, ஊதிவிட்டு, தூங்காமல் உட்கார்ந்திருந்தவர் அவர். கெட்டவராக இருந்திருந்தால் கணக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நீ ஒரு வார்த்தை ஆமான்னு சொன்னா உன் தலைல இருக்கிற கிரீடம் எறங்கிடுமா?" என்று நாத்தனார் காய்கறி நறுக்கிக்கொண்டே கேட்டாள். தம்பி எல்லாவற்றையும் அக்காவிடம் சொல்லியிருந்தார். "கால்தானே போட்ட. என்னமோ ஊரையே கட்டின மாதிரி. அவன் மானம் போனா நீயும் நானும் எங்க போய் நிக்கறது?"

"எங்கயும் போக முடியாது அண்ணி" என்றாள் அவள். அது உண்மை. மகன் வீட்டில் இருப்பது ஓர் அறையும் ஒரு கூடமும். அவளுடைய அம்மா வீடு விற்றாகிவிட்டது. கதவு திறந்துதான் இருந்தது, பகல் முழுக்கத் திறந்தே இருக்கும். அந்தக் கதவு வழியாக வெளியே போய் எந்தப் பக்கம் திரும்புவது என்பதுதான் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வெளிநோயாளிகள் கூடம் வேறு இடம் மாதிரி இருந்தது. பெஞ்சுகளைச் சுவரோரம் அடுக்கித் தரையைத் துடைத்திருந்தார்கள். கதவைத் திறந்துவிட்ட காவலாளி, "சாவி ஜன்னல்ல இருக்கு மாஸ்டர், நான் சாப்பிட்டு வந்துடறேன்" என்று போய்விட்டார். தரை ஈரமாக இருந்ததால் மாஸ்டர் செருப்பை வாசலிலேயே விட்டார். பசைப் பாத்திரத்தைத் துணியில் சுற்றி அவரே தூக்கி வந்திருந்தார். சுவரடியில் பழைய சாக்கை விரித்து, பாத்திரத்தை வைத்து, அவள் அரைத்து வைத்திருந்த மண் நிறங்களைக் கிண்ணங்களில் ஒவ்வொன்றாகப் பிரித்துவைத்தார். கல்யாணமான நாளிலிருந்து அவள்தான் அவருக்கு இப்படி எடுத்துவைத்திருக்கிறாள். அவர் வரிசையை மாற்றி வைத்தார். கரியை முதலில் வைத்துவிட்டார். அவள் சரிசெய்யவில்லை.

மேலே வெள்ளையும் சாம்பலுமாக மேகம் கலைந்த மாதிரி ஒரு பரப்பு. அங்கங்கே ஒரு காது, பாதி உதடு, யாருடையதென்று தெரியாத ஒரு கை. கீழே கால்கள். அவள் போட்ட ஆறு வடிந்துபோய்விட்டதால் அவை வெறும் வெள்ளையில் நின்றன. எங்கே போவதற்காகச் சேலையை அவ்வளவு உயர்த்திப் பிடித்திருக்கிறார்கள், எதற்காக விரல்களை அப்படி ஊன்றியிருக்கிறார்கள் என்று இனி யாருக்கும் தெரியாது. ஆனால் ஊன்றியிருந்தன.

அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். முழங்கால் வலித்தது. அவர் பஞ்சை நனைத்துப் பிழிந்து நீட்டினார். "முதல்ல தூசியை எடுத்துடு. இல்லாட்டி வண்ணம் பிடிக்காது." சொன்ன பிறகு தான் சொன்னதிலிருந்த வேடிக்கை அவருக்கே உறைத்திருக்க வேண்டும். "கொஞ்சமாவது பிடிக்கணும்ல" என்று சேர்த்துக்கொண்டார்.

அவள் துடைத்தாள். பஞ்சு சாம்பல் நிறமாகியது, அவ்வளவுதான். அடியிலிருந்து காவி எழுந்து வந்தது. வீங்கின கணுக்கால் ஒன்று. வெடித்த குதிகால் ஒன்று. அந்தக் குதிகால்காரி மாதக்கணக்கில் அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், ஒரு நாளிலிருந்து வரவில்லை. ஒரு காலைப் பூச்சுக்கும் மறுநாள் பூச்சுக்கும் நடுவில் மயிரிழை போல ஓர் ஒட்டு ஓடியது. அந்த ஒட்டைத் தடவினாலே அன்றைக்கு மழையா வெயிலா, மகனுக்குக் காய்ச்சல் இருந்ததா இல்லையா என்பதுகூட அவளுக்கு நினைவு வந்தது. அவள் நகர்ந்து நகர்ந்து துடைத்துக்கொண்டே போனாள். கடைசிக்கு முன்னால் ஓர் ஆணின் கால்கள். இடது காலில் சுண்டுவிரல் மற்ற விரல்களோடு சேராமல் மேலே ஏறி, பக்கத்து விரலின்மேல் படுத்திருந்தது. மூங்கில் சாரத்தின் கீழே, மத்தியானப் புழுக்கத்தில், மேலே ஒரு முகம் சரியாக வராமல் களைத்துப்போய் அவர் தூங்கிக்கொண்டிருந்த நாளில் போட்டது. சுவர் மூடிக்கொண்டிருந்தது, அவர் எழுந்துவிடுவாரோ என்ற பயம் வேறு. அவள் போட்டதிலேயே வேகமாகப் போட்டது அதுதான். ஒரு கோடுகூடத் தப்பவில்லை.

அவரிடம் அதைச் சொன்னதில்லை. அவராகப் பார்த்துக் கேட்பார் என்று காத்திருந்தாள். பிறகு காத்திருந்ததும் மறந்துவிட்டது.

பஞ்சை அந்த விரலின்மேல் வைத்து இன்னொரு முறை அழுத்தித் துடைத்தாள். எடுத்துப் பார்த்தாள். சுத்தமாக இருந்தது.

"போதும் தேச்சது" என்றார் அவர் பின்னாலிருந்து. மூடியைத் திறந்து, தூரிகையைப் பசையில் வைத்து, பாத்திரத்தை அவள் பக்கமாகத் தள்ளினார். "ஆரம்பி. காவலாளி வந்துடுவார்."

அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். துடைத்த கையை மடியில் வைத்துக்கொண்டாள். மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பசையின்மேல் பாலாடை போல ஒன்று படர ஆரம்பித்திருந்தது.

"என்னம்மா?"

அவர் பாத்திரத்தை இன்னும் கொஞ்சம் தள்ளினார்.

"இந்தா, பசை ஆறுது பாரு."

"ஆறட்டும்" என்றாள்.

அதட்டலோ அழுகையோ இல்லாமல், சோறு ஆறட்டும் என்று சொல்கிற குரலில்தான் சொன்னாள். அவருக்குச் சரியாகக் காதில் விழவில்லை போலிருந்தது. கிட்டே வந்தார். குனிந்து தூரிகையை எடுக்கப் போனவர், எடுக்காமல், கை நடுங்குவதை நிறுத்துவதற்காக முழங்காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் கண்ணுக்கு நேரே, ஈரத் தரையில் அவருடைய பாதங்கள் இருந்தன, இடது சுண்டுவிரல் பக்கத்து விரலின்மேல் ஏறியபடி. அவற்றுக்குப் பக்கத்தில், சுவரில், துடைத்த ஈரம் இன்னும் காயாமல், அதே சுண்டுவிரல் ஏறிப் படுத்திருந்தது.